தட்டுக்கு முன்னால் உட்காரும் பிள்ளை

சிங்கப்பூரில் வளரும் தமிழ்ப் பிள்ளை ஒரு வாரத்துக்குள் மூன்று வகைச் சாப்பாட்டு மேசைகளைப் பார்த்துவிடுகிறது. பகலில் பாலர் பள்ளி: முழங்கால் உயர மேசை, கையில் ஸ்பூன், முடித்ததும் கிண்ணத்தைத் தானே கொண்டுபோய் வைக்க வேண்டும். இரவில் வீவக வீட்டுக் கூடம்: பிசைந்த சோறு, பெரும்பாலும் பாட்டியோ பணிப்பெண்ணோ ஊட்டிவிடுவது. வார இறுதியில் தேக்கா உணவங்காடி நிலையமோ, ரேஸ் கோர்ஸ் சாலையில் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடையோ. ஓரிடத்தில் மெச்சப்பட்டது இன்னோரிடத்தில் அதட்டு வாங்கித் தருகிறது. பாலர் பள்ளியில் சோற்றைக் கையால் அள்ளினால் ஆசிரியர் ஸ்பூனை நீட்டுவார். ஊரிலிருந்து வந்திருக்கும் ஆச்சியிடம் ஸ்பூன் கேட்டால், "கை எங்கடா போச்சு?" என்பார்.

பெற்றோர் பலர் இதற்கு விதிகளை அடுக்குகிறார்கள். கொட்டாதே, சப்புக் கொட்டாதே, வாயில் வைத்துக்கொண்டு பேசாதே, இடது கையை எடு, ஓடாதே. நாலு வயதுக்கு இந்தப் பட்டியல் நிற்காது. மேசைக்கு மேசை மாறும் பட்டியல் எட்டு வயதுக்கும் நிற்காது. மூன்று மேசைக்கும் பொதுவான ஒரு பழக்கம் இருக்கிறது: சாப்பிடும்போது பக்கத்தில் இருப்பவரைக் கவனிப்பது. அவருக்குக் கிடைத்ததா, அவர் ஆரம்பித்தாரா, அவர் பேசி முடித்தாரா, நாம் எழுந்த பிறகு இந்த இடத்தை யார் துடைப்பார்கள். இதைப் பழக்கிவிட்டால் மற்றவை அந்தந்த இடத்தில் தாமாக ஒட்டிக்கொள்ளும். இந்த அத்தியாயம் அதைப் பற்றியது.

முதலில் பெரியவர் உட்கார வேண்டும்

பக்கத்தில் இருப்பவரைக் கவனிக்கச் சொன்னால், பக்கத்தில் ஒருவர் இருக்க வேண்டும். இங்கேதான் நம் வீடுகளில் இடிக்கிறது. அம்மா ஏழு மணிக்கு வந்து சேர்கிறார், அப்பா எட்டரைக்கு. பிள்ளை ஆறு மணிக்கே சாப்பிட்டாகிவிட்டது, அதுவும் சோபாவில், எதிரே கைப்பேசியில் ஓடும் கார்ட்டூனைப் பார்த்தபடி. வாய் தானாகத் திறக்கிறது, பின்னாலிருந்து ஒரு கை ஊட்டுகிறது. வயிறு நிறைந்துவிடும். ஆனால் அந்த அரை மணி நேரத்தில் பிள்ளை யார் முகத்தையும் பார்க்கவில்லை. இப்படி மூன்று வருடம் சாப்பிட்ட பிள்ளையைத் திருமண விருந்துக்கு அழைத்துப்போய் "ஒழுங்கா உட்காரு" என்றால் அது எதைப் பார்த்து உட்காரும்?

2025 ஜனவரியில் சுகாதார அமைச்சு வெளியிட்ட திரைநேர வழிகாட்டி இதைத் தெளிவாகச் சொல்கிறது. 18 மாதத்துக்குட்பட்ட குழந்தைகளுக்கு உறவினருடன் காணொளியில் பேசுவதைத் தவிர வேறு திரையே வேண்டாம். அதற்கு மேல் ஆறு வயது வரை, பள்ளி நேரம் போக ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்குள். சாப்பாட்டு நேரத்தில் எந்த வயதிலும் திரை கூடாது. பெரியவர்களின் கைப்பேசியைப் பற்றி நான் சொல்வதைக் காட்டிலும் உங்கள் பிள்ளை நன்றாகச் சொல்லும். ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

தினமும் குடும்பமே சேர்ந்து சாப்பிட வேண்டும் என்று நான் சொல்லப்போவதில்லை. பணிமாறி வேலைக்குப் போகும் வீடுகளில் அது நடக்காது. ஒவ்வொரு பள்ளித் தவணையின் கடைசி வெள்ளிக்கிழமையையும் குடும்பத்தோடு சாப்பிடும் நாளாகக் கடைப்பிடிக்கச் சொல்லி, ஊழியர்களை ஐந்து மணிக்கே அனுப்புமாறு நிறுவனங்களைக் கேட்டுக்கொள்ளும் இயக்கமே இங்கு இருக்கிறது. வருடத்துக்கு நாலு நாளாவது சேர்ந்து சாப்பிடுங்கள் என்று ஓர் ஊரே கேட்கவேண்டியிருக்கிறது என்றால் நிலைமையை யோசித்துக்கொள்ளுங்கள். என் அளவுகோல் இன்னும் எளிமையானது. பிள்ளை சாப்பிடும்போது ஒரு பெரியவராவது எதிரில் உட்கார்ந்து, தாமும் எதையாவது சாப்பிட வேண்டும். இரவுச் சாப்பாடு பிறகுதான் என்றால் ஒரு கிண்ணம் ரசம் குடியுங்கள், ஒரு வாழைப்பழம் உரியுங்கள். பணிப்பெண் பார்த்துக்கொள்ளும் வீடு என்றால் அவரும் அதே மேசையில் தம் தட்டுடன் உட்காரட்டும். வேலை செய்பவர் நின்றுகொண்டே ஊட்டுவதையும், சமையலறையில் தனியாகச் சாப்பிடுவதையும் பிள்ளை பார்த்துக்கொண்டுதான் இருக்கிறது. நீங்கள் சொல்லிக்கொடுக்காத பாடம் அது. அழுத்தமாகப் பதியும்.

ஆசாரக்கோவை என்று ஒரு நூல். பெருவாயின் முள்ளியார் எழுதியது, பதினெண்கீழ்க்கணக்கில் ஒன்று. குளிப்பதிலிருந்து படுப்பது வரை நடைமுறை ஒழுக்கம் சொல்லும் அதில் சாப்பாட்டுக்கென்றே பல பாட்டுகள் உண்டு. படுத்துக்கொண்டும் நின்றுகொண்டும் உண்ணாதே, பெரியவரோடு உண்ணும்போது அவருக்கு முன்னால் தொடங்காதே, அவருக்கு முன்னால் எழாதே, இனிப்பை முதலிலும் கசப்பைக் கடைசியிலும் உண் என்கிறது. நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது இன்னொரு பாட்டை: நீ உண்பதற்கு முன்னால் விருந்தினர், மூத்தோர், பசு, பறவை, பிள்ளைகள் இவர்களுக்குக் கொடு என்று சொல்வது. அந்தப் பட்டியலில் பிள்ளைகள் இருக்கிறார்கள். சின்னப்பிள்ளை பெரியவருக்காகப் பசியோடு காத்திருக்க வேண்டும் என்று நம் மரபு சொல்வதாக நினைப்பவர்கள் இதைக் கவனிக்கலாம். (பறவைக்குச் சோறு வைப்பது மட்டும் இங்கே சிக்கல். வனவிலங்குச் சட்டப்படி 2020 முதல் அது குற்றம். முதல் தடவைக்கே 5,000 வெள்ளி வரை அபராதம் வரலாம். தாழ்வாரத்து மைனாவைக் காட்டி ஊட்டலாம், மைனாவுக்கு ஊட்டக்கூடாது.) அந்த நூல் பேசாமல் உண் என்றும் சொல்கிறது. இதில் மட்டும் முள்ளியாரோடு எனக்கு உடன்பாடில்லை. நாள் முழுக்கப் பிரிந்திருந்த வீட்டில் அந்த இருபது நிமிடம்தான் பேச்சுக்குக் கிடைப்பது. வாயில் இருப்பதை விழுங்கிவிட்டுப் பேசு என்று சொன்னால் போதும்.

எவ்வளவு நேரம் உட்கார வைக்கலாம்? இரண்டு வயதில் பத்து நிமிடம் பெரிய காரியம். நாலு வயதில் கால் மணி நேரம், ஆறு வயதில் இருபத்தைந்து நிமிடம். அதற்குமேல் எதிர்பார்த்தால் சண்டைதான் மிஞ்சும். கால் தரையில் படாமல் தொங்கும் பிள்ளை நெளிந்துகொண்டே இருக்கும்; காலடியில் ஒரு முக்காலி போட்டால் பாதி நெளிச்சல் நின்றுவிடும். எழும்போது "நான் முடிச்சுட்டேன், போகட்டுமா?" என்று கேட்கப் பழக்குங்கள். கேட்டால் போகவிடுங்கள். கேட்டும் போகவிடாவிட்டால் அடுத்த தடவை கேட்காது.

கை, ஸ்பூன், இலை

கையால் சாப்பிடுவது வளர்ந்தவர்கள் நினைப்பதைவிட நுட்பமான வேலை. விரல் நுனியால் பிசைந்து, சிறு கவளமாகத் திரட்டி, கட்டைவிரலால் வாய்க்குள் தள்ள வேண்டும். உள்ளங்கையில் குழம்பு ஏறக்கூடாது, முழங்கையில் ரசம் வழியக்கூடாது. இரண்டரை வயதுப் பிள்ளைக்கு இது வராது, வரவில்லை என்று திட்டக்கூடாது. இட்லியைப் பிட்டுத் தொட்டுச் சாப்பிடுவதில் தொடங்குங்கள். அடுத்து தோசை, பிறகு பரோட்டா. இவை கெட்டியானவை, சின்ன விரலுக்கு அடங்கும். பருப்பும் நெய்யும் போட்டுக் குழைத்த சோறு அதற்கு அடுத்த படி. சாம்பார் சோறு நாலு வயதுக்கு மேல். ரசம் கடைசி, ஐந்து வயதிலும் ரசத்தைக் கிண்ணத்தில் ஊற்றிக் குடிக்கக் கொடுப்பதில் குறைச்சல் ஒன்றுமில்லை.

ஸ்பூனும் கையும் எதிரிகள் இல்லை. பாலர் பள்ளியில் ஸ்பூன், வீட்டில் கை, இரண்டும் சரி என்று ஒரே குரலில் சொல்லுங்கள். பிள்ளைகள் இரண்டு மொழியைக் குழப்பிக்கொள்ளாமல் பேசுவது போல இதையும் இடத்துக்கேற்ப மாற்றிக்கொள்வார்கள். ஒன்றை மட்டும் கவனியுங்கள். வேறு இனத்துப் பிள்ளைகள் நடுவில் யாராவது "கையாலயா சாப்பிடுற?" என்று கேட்டுவிட்டால், ஐந்து வயதுப் பிள்ளை கூசிப்போய் வீட்டிலும் கையை விட்டுவிடும். அதற்குப் பதில் முன்கூட்டியே கையில் இருக்கட்டும்: "ஆமா, நாங்க கை கழுவிட்டுத்தான் சாப்பிடுவோம், அக்கம்பக்கத்து மலாய் வீட்டிலயும் அப்படித்தான்." தற்காப்பு வேண்டாம், தகவல் போதும்.

இடது கைப் பழக்கமுள்ள பிள்ளை பல வீடுகளில் சாப்பாட்டு நேரத்தில்தான் அழுகிறது. என் கருத்தைச் சொல்கிறேன். ஏற்பதும் விடுவதும் உங்கள் விருப்பம். ஸ்பூனும் பென்சிலும் அதற்கு எந்தக் கை வசதியோ அந்தக் கையில் இருக்கட்டும். கையால் சாப்பிடும்போது மட்டும் வலது கையைச் சொல்லிப் பாருங்கள். சின்ன வயதில் தொடங்கினால் பல பிள்ளைகளுக்குப் பழகிவிடும், பந்தியில் அவர்களுக்கே சங்கடம் குறையும். பழகவில்லை என்றால் விட்டுவிடுங்கள். கையைக் கட்டுவதோ, விரலில் தட்டுவதோ, எல்லார் முன்னும் சொல்லிச் சிரிப்பதோ வேண்டாம். ஊரிலிருந்து பெரியவர்கள் வருவதற்கு முன்பே தொலைபேசியில் சொல்லிவையுங்கள்: "ஆச்சி, அவளுக்கு இடது கைதான் வாகு. சாப்பாட்டு நேரத்துல ஒண்ணும் சொல்லாதீங்க." நேரில் சொன்னால் வாக்குவாதமாகிவிடும்.

வாழையிலைச் சாப்பாட்டுக்கு லிட்டில் இந்தியாவைவிட நல்ல பள்ளிக்கூடம் இந்தத் தீவில் இல்லை. முத்தூஸ் கறி 1969 முதலும், பனானா லீஃப் அப்போலோ 1974 முதலும் நடக்கின்றன. சைவம் என்றால் சிராங்கூன் சாலைக் கோமள விலாஸ், 1947-இல் தொடங்கியது. கூட்டம் சேரும் ஞாயிறு மதியம் ஒரு மணிக்குப் போகாதீர்கள். பதினொன்றரைக்குப் போனால் பரிமாறுபவருக்கும் பொறுமை இருக்கும். முதலில் கை கழுவும் தொட்டி. எட்டாத பிள்ளையைத் தூக்கிக் காட்டுங்கள். இலையின் நுனி இடப்பக்கம் இருக்க வேண்டும் என்று பிள்ளையிடமே சொல்லிச் சரிபார்க்கச் சொல்லுங்கள், பெருமையாகச் செய்யும். பரிமாற வருபவரை நிமிர்ந்து பார்க்க வேண்டும். போதும் என்றால் இலைக்கு மேல் கையை விரித்து மறைத்து "போதும் அண்ணே" என்று சொல்ல வேண்டும். இந்தச் சைகையைப் பிள்ளைகள் ஒரே நாளில் கற்றுக்கொள்வார்கள், பிடிக்கவும் செய்யும்; தனக்கு எவ்வளவு வேண்டும் என்று தானே சொல்லும் அதிகாரம் அதில் இருக்கிறது. எல்லாரும் முடித்த பிறகு இலையை மடிப்பது. நம் குடும்பங்களில் பெரும்பாலும் தன்பக்கமாகத்தான் மடிக்கிறோம், துக்க வீட்டில் வேறு மாதிரி. உங்கள் வீட்டு வழக்கம் எதுவோ அதைச் சொல்லுங்கள், காரணத்தையும் சேர்த்து.

பொதுப் பாத்திரம்

மீன்தலைக் கறியைக் கேரளத்திலிருந்து வந்த எம்.ஜே. கோமஸ் 1949-இல் இங்கே தம் கடையில் அறிமுகப்படுத்தினார் என்பார்கள், மீன்தலையை விரும்பும் சீன வாடிக்கையாளர்களை மனத்தில் வைத்து. அது தனியாகச் சாப்பிடும் பண்டம் இல்லை. நடுவில் ஒரு சட்டி, சுற்றிலும் ஐந்தாறு பேர். பிள்ளைக்குப் பகிர்ந்துண்ணக் கற்றுக்கொடுக்க அந்தச் சட்டி போதும். பரிமாறும் கரண்டியால்தான் எடுக்க வேண்டும், வாயில் வைத்த ஸ்பூனை உள்ளே விடக்கூடாது, ஏனென்றால் எச்சில். அடியில் கிளறிக் கன்னத்துச் சதையைத் தேடக்கூடாது. தாத்தாவுக்குக் கண் பிடிக்கும் என்றால் அது தாத்தாவுக்கு. கடைசி வெண்டைக்காயை எடுக்குமுன் "யாருக்காவது வேணுமா?" என்று ஒரு கேள்வி.

இங்கே பிள்ளைகளைக் குழப்பும் ஒன்று உண்டு. இடது கையைத் தட்டில் வைக்காதே என்கிறோம். பிறகு நாமே இடது கையால் கரண்டியைப் பிடித்துக் குழம்பு ஊற்றிக்கொள்கிறோம். பிள்ளை கேட்கும், கேட்டே தீரும். வலது கை சாப்பிட்ட கை, அது கரண்டிக் காம்பில் பட்டால் அடுத்தவர் கையில் ஒட்டும், அதனால் சுத்தமான கையால் எடுக்கிறோம் என்று விளக்கிவிடுங்கள். காரணம் தெரிந்த விதியைப் பிள்ளைகள் நமக்கே திருப்பிச் சொல்வார்கள், சில சமயம் மாமா வீட்டில், சத்தமாக.

பிடிக்கவில்லை என்றால்

"யக்!" என்று தட்டைத் தள்ளுவது இந்த ஊர்ப் பிள்ளைகளின் தேசியச் சொல். அதைத் தடுப்பதில் பயனில்லை, வேறு வாக்கியம் கொடுக்க வேண்டும்: "எனக்கு இப்போ வேணாம்." சமைத்தவரைக் குத்தாது, பொய்யும் இல்லை. அமெரிக்க உணவியல் வல்லுநர் எலின் சாட்டர் பொறுப்பை இரண்டாகப் பிரிப்பார்: என்ன, எப்போது, எங்கே என்பது பெற்றோர் முடிவு, எவ்வளவு, சாப்பிடுவதா இல்லையா என்பது பிள்ளை முடிவு. தமிழ் வீட்டில் இரண்டாவது பாதி செரிக்காது, எனக்குத் தெரியும். "இன்னும் ரெண்டே வாய்" என்பது நமக்கு அன்பின் மொழி. ஆனால் கெஞ்சியும் மிரட்டியும் ஊட்டப்பட்ட பிள்ளை விருந்தாளி வீட்டிலும் அதே கெஞ்சலை எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கும். புதிய காய்கறியைப் பிள்ளை ஏற்கப் பத்துத் தடவைக்கு மேல்கூடக் கண்ணில் பட வேண்டியிருக்கும். ஆகவே பாகற்காயைக் கொஞ்சமாக வைத்துவிட்டுப் பேச்சை மாற்றுங்கள்.

தேக்காவில்

வெளிச் சாப்பாட்டில் பிள்ளை முதலில் கற்க வேண்டியது தட்டைத் திருப்பி வைப்பது. 2021 செப்டம்பர் 1 முதல் உணவங்காடி நிலையங்களில் இது சட்டம். முதல் தடவை எழுத்துமூல எச்சரிக்கை, இரண்டாவது தடவை 300 வெள்ளி. ஆனால் பிள்ளையிடம் அபராதத்தைச் சொல்லாதீர்கள். யாரும் பார்க்கவில்லை என்றால் வைக்க வேண்டாம் என்ற முடிவுக்குத்தான் அது வரும். மேசையைக் காட்டுங்கள். எலும்பும் டிஷ்யூவும் சிதறிக் கிடந்தால் புறா வந்து உட்காரும், அடுத்து வருபவர் அதில்தான் சாப்பிட வேண்டும், துடைக்க வருபவர் தாத்தா வயதுக்காரர். இது புரியும். மூன்று வயதில் காலிக் கோப்பை, ஐந்தில் ஸ்பூன்கள், ஏழில் முழுத் தட்டு என்று பொறுப்பைக் கூட்டுங்கள். திருப்பி வைக்கும் அடுக்கில் ஹலால் தட்டுக்குத் தனி இடம், மற்றவற்றுக்குத் தனி இடம். அதை மாற்றி வைக்கக்கூடாது என்பதை அழுத்திச் சொல்லுங்கள். மற்றவர் நம்பிக்கையை மதிப்பது என்பதை நாலு வயதுப் பிள்ளை கையால் செய்துபார்க்கக் கிடைக்கும் அரிய இடம் அந்த அடுக்கு.

பொது இடத்தில் பிள்ளை கத்தி அழ ஆரம்பித்தால் மேசையிலேயே பாடம் நடத்தாதீர்கள். ஒருவர் எழுந்து வெளியே அழைத்துப் போங்கள், நாலு கடை தள்ளி நடந்துவிட்டுத் திரும்புங்கள். சாப்பாடு ஆறினால் ஆறட்டும்.

அடுத்த வீட்டு மேசை

சீனக் குடும்பங்கள் பலவற்றில் பிள்ளைகள் முதல் கவளத்துக்கு முன்னால் மேசையிலிருக்கும் பெரியவர்களை முறை சொல்லிக் கூப்பிட்டு, சாப்பிடுங்கள் என்று அழைப்பார்கள். நாம் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம். "பாட்டி, பசியாற வாங்க" என்று சொல்லிப் பழகிய பிள்ளைக்கு அது புதிதாகவும் இராது. சீனப் புத்தாண்டுக்கு அழைப்பு வந்தால் இரண்டு விஷயங்களை முன்னாலேயே சொல்லிவையுங்கள். சோற்றில் குச்சியைச் செங்குத்தாக நட்டுவைக்கக் கூடாது, அது இறந்தவர்களுக்கு ஊதுவத்தி ஏற்றுவதை நினைவூட்டும். யூஷெங்கை எல்லாரும் சேர்ந்து உயரத் தூக்கிக் கலைக்கும்போது மேசையில் சிந்தத்தான் செய்யும், சிந்தினால் யாரும் திட்டமாட்டார்கள். வீட்டில் சிந்தாதே என்று கேட்டு வளர்ந்த பிள்ளை விழித்துப் பார்க்கும். அன்றைக்கு மட்டும் அனுமதி என்று சொல்லுங்கள். நோன்புப் பெருநாளுக்கு மலாய் நண்பர் வீட்டில் பலகாரத் தட்டு முன்னால் இருக்கும். அழைத்த பிறகு எடுக்க வேண்டும், வலது கையால் எடுக்க வேண்டும், பையில் போட்டுக்கொள்ளக் கூடாது. சைவக் குடும்பத்துப் பிள்ளை என்றால் "நான் இறைச்சி சாப்பிட மாட்டேன், நன்றி" என்ற ஒரே வாக்கியத்தை ஆங்கிலத்திலும் சொல்லப் பழகிக்கொண்டு போகட்டும். விளக்கம் நீங்கள் கொடுங்கள்.

தொடக்கநிலை ஒன்றில் சேரும் வருடம் இவை எல்லாம் ஒரே இடத்தில் வந்து சேர்கின்றன. ஏறக்குறைய அரை மணி நேர இடைவேளை, நீண்ட வரிசை, பக்கத்தில் அம்மா இல்லை. அதற்கு முந்தைய நவம்பர், டிசம்பர் விடுமுறையில் தேக்காவுக்கோ உங்கள் பேட்டை உணவங்காடிக்கோ கூட்டம் இல்லாத காலை நேரத்தில் அழைத்துப் போய், நீங்கள் மேசையில் உட்கார்ந்துகொண்டு பிள்ளையை மட்டும் வரிசைக்கு அனுப்புங்கள். "அங்கிள், ஒரு தோசை, சட்னி வேணாம், நன்றி." மிச்சக் காசை எண்ணி வாங்குவது, தட்டை இரண்டு கையாலும் பிடித்து நடப்பது, தண்ணீர்ப் போத்தலை மறக்காமல் எடுப்பது என்று ஒவ்வொரு வாரமும் ஒன்றைக் கூட்டுங்கள். தட்டு ஒருமுறை கவிழும். ஒரு பாக்கெட் டிஷ்யூவும் இரண்டாவது தோசைக்கான பணமும் கையில் வைத்திருங்கள்.